காலையில் ஸ்ரார்ட் ஆகாத பழைய மோட்டார் சைக்கிள்: கராஜுக்குப் போகுமுன் நீங்களே பார்க்க வேண்டியவை

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். கிணறு இறைக்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இத்தனை வேலைக்கும் நடுவில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆஸ்பத்திரியும் சந்தையும் பிரதேச செயலகமும் பல கட்டை தூரத்தில் இருக்கும் ஊர்களில், பஸ் ஒழுங்காக ஓடாத நாட்களில், வீட்டில் நிற்கும் அந்தப் பழைய ஹொண்டாதான் அம்புலன்ஸ். மீன் வியாபாரிக்கும் மரக்கறி வியாபாரிக்கும் அதுதான் கடை. விடியற்காலை நான்கு மணிக்கு அது ஸ்ரார்ட் ஆகாவிட்டால் அன்றைய சந்தை போய்விடும். இரவில் ஒரு கர்ப்பிணித் தாயை ஏற்ற வேண்டிய நேரத்தில் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னுமொரு காரணமும் உண்டு. வாழ்வாதார உதவியாகக் கையில் வரும் காசு கொஞ்சம்தான். அதில் பெரும் பங்கு கராஜில் போய்விடக் கூடாது. 'காபரேற்றர் முழுக்க மாற்ற வேண்டும்' என்று சொல்லப்படும் வண்டிகள் பலவற்றில் உண்மையான பழுது, ஊசி முனையளவு துவாரம் ஒன்று அடைபட்டிருப்பதுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு பிளக் ஸ்பனரும், ஒரு ஸ்குறூ டிரைவரும், ஒரு கண்ணாடிப் போத்தலும், கொஞ்சம் பொறுமையும் போதும். கணவர் ஓட்டிய வண்டியை இப்போது தனியாகப் பொறுப்பெடுத்திருக்கும் சகோதரிமார் இங்கே பலர் இருக்கிறீர்கள். இந்த உரை முதலில் உங்களுக்குத்தான்.

முதலில் உயிர், பிறகு வண்டி

காணிக்குள்ளோ பற்றைக்குள்ளோ பழைய வண்டி ஒன்று நிற்பதைக் கண்டால் உடனே அதனருகே போகாதீர்கள். அது உங்களுடைய சொந்த வண்டியாக இருந்தாலும் இதுதான் விதி. அந்தக் காணி மிதிவெடி அகற்றப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கால் வைக்க வேண்டும். கைவிடப்பட்ட வாகனத்தின் கீழேயும், சீற்றுக்கு அடியிலும், ஆயுதப் பெட்டிக்குள்ளும் வெடிபொருட்கள் கிடக்கலாம். தள்ளிப் பார்க்கவோ, கயிறு கட்டி இழுக்கவோ, சீற்றைத் திறக்கவோ வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து, கிராம சேவையாளருக்கோ, பொலிசுக்கோ, மிதிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள். இடம்பெயரும்போது மண்ணில் புதைத்து வைத்த பொருட்களைத் தோண்டுவதற்கும் இதே விதிதான். பிள்ளைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு தடியால் தட்டிவிட்டுக் கையை வையுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியின் சீற்றுக்குக் கீழே பாம்பும், சைலன்சருக்குள் குளவிக்கூடும் இருப்பது சாதாரணம்.

நீண்ட நாள் நின்ற வண்டியைக் கண்டவுடன் ஆசையில் கிக்கரை உதைப்பது கூடாது. உள்ளே பிஸ்ரன் வளையங்கள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். வேகமாக உதைத்தால் அவை முறியும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு இரவு முழுவதும் விடுங்கள். மறுநாள் பிளக் பூட்டாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் நல்லது. இறுகி நின்றால் பலாத்காரம் செய்யாமல் மீண்டும் ஒயில் விட்டுப் பொறுங்கள். எஞ்சின் ஒயிலையும் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புதிய ஒயில் மாற்றாமல் ஸ்ரார்ட் செய்ய வேண்டாம். எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு, தும்பு, குளவி மண் இருந்தால் அகற்றுங்கள்.

ஏன் காலையில் மட்டும் அடம்பிடிக்கிறது?

'மத்தியானம் ஒரு உதையில் பிடிக்கிறது, காலையில்தான் முப்பது உதை வேண்டியிருக்கிறது' என்று பலர் சொல்வார்கள். இதன் காரணத்தை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். நிறையில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பது சூடான எஞ்சினுக்குப் போதுமான கலவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காபரேற்றரிலிருந்து வரும் பெற்றோலில் ஒரு பகுதி உள்ளே குழாய்ச் சுவரில் துளியாக ஒட்டிக்கொள்ளும். ஆவியாகிப் பிளக் வரைக்கும் போவது குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் சோக் இருக்கிறது. சோக் போட்டால் காற்று வரும் வழி அடைபட்டு, எஞ்சின் கூடுதலான பெற்றோலை இழுக்கும். எஞ்சின் சூடானதும் சோக் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பகுதியில் மார்கழி, தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. நல்ல நிலையில் இருக்கும் பெற்றோல் எஞ்சினுக்கு இது ஒரு குளிரே அல்ல. சோக் போட்டால் இரண்டு மூன்று உதையில் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் 'பனிக் காலம், அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பெற்றோல், பொறி, அமுக்கம் என்ற மூன்றில் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது.

மண்ணெண்ணெய் விட்டுச் சென்ற அழுக்கு

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடானால்தான் அத்தகைய ஆவியைத் தரும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயைக் கொண்டு ஸ்ரார்ட் எடுப்பது நடக்காத காரியம்.

அந்தக் காலம் உயிர் பிழைக்க உதவியது. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்குள் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். சில காபரேற்றர்களில் மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி ஜெட் துவாரத்தை மாற்றியிருப்பார்கள். இன்று பெற்றோல் தாராளமாகக் கிடைத்தாலும் வண்டி காலையில் அடம்பிடிக்கிறது என்றால், அந்தப் பழைய மாற்றம் இன்னும் உள்ளே இருக்கலாம். கைமாறி வந்த வண்டி என்றால் முன்பு யாரிடம் இருந்தது, மண்ணெண்ணெயில் ஓடியதா என்று விசாரித்து, அதைக் கராஜிலும் சொல்லுங்கள்.

முதலாவது சோதனை: பெற்றோல் நல்லதா, வருகிறதா?

தாங்கியைத் திறந்து மணந்து பாருங்கள். நல்ல பெற்றோலில் கூர்மையான மணம் இருக்கும். பல மாதம் நின்ற பெற்றோலில் வார்னிஷ் போன்ற மணம் வரும். அதில் எளிதாக ஆவியாகும் பகுதி போய்விட்டது. அதைக் கொண்டு காலையில் ஸ்ரார்ட் எடுக்க முடியாது. முழுவதையும் இறக்கிவிட்டுப் புதியது விடுங்கள்.

தாங்கியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கீழே தனிப் படையாக நிற்கும். மழைக்காலத்தில் மூடியின் வழியாகவும், பாதி வெறுமையான தாங்கிக்குள் பனிபோலப் படிந்தும் தண்ணீர் சேரும். போத்தலின் அடியில் செம்மண் நிறத் தூள் தெரிந்தால் அது தாங்கியின் துரு.

வீதியோரத்தில் போத்தலில் வாங்கிய பெற்றோல் என்றால் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு உலர விடுங்கள். நல்ல பெற்றோல் அடையாளமில்லாமல் காய்ந்துவிடும். எண்ணெய்க் கறை நீண்ட நேரம் நின்றால் மண்ணெண்ணெயோ ஒயிலோ கலந்திருக்கிறது.

அடுத்தது வரத்து. காபரேற்றரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் பெற்றோல் வடிக்கும் திருகாணி ஒன்று இருக்கும். கீழே ஒரு பாத்திரம் பிடித்து, பெற்றோல் ரப்பைத் திறந்து, அந்தத் திருகாணியைத் தளர்த்துங்கள். பெற்றோல் தொடர்ந்து ஓட வேண்டும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் தாங்கி மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். இப்போது ஓடினால் பழுது மூடியில்தான். அதில் காற்றுப் போகும் சிறு துவாரம் அடைபட்டிருக்கிறது. மூடியைத் திறந்தும் ஓடவில்லை என்றால் ரப்பின் வடியோ குழாயோ அடைபட்டிருக்கிறது. ரப் 'றிசேர்வ்' நிலையில் மட்டும் ஓடினால் தாங்கியில் பெற்றோல் குறைவு என்று அர்த்தம். இதற்கும் கராஜுக்குப் போனவர்கள் உண்டு.

இரண்டாவது சோதனை: பிளக் சொல்லும் கதை

ரப்பைத் திறந்து, சோக் போட்டு, முறுக்கியைத் தொடாமல் ஐந்தாறு தடவை உதையுங்கள். பிடிக்காவிட்டால் உடனே பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள்.

முனை காய்ந்திருந்தால் பெற்றோல் எஞ்சினுக்குள் போகவில்லை. பழுது காபரேற்றரிலோ, சோக்கிலோ, அதற்கு முன்னாலோ இருக்கிறது. முனை பெற்றோலில் நனைந்திருந்தால் பெற்றோல் போகிறது, ஆனால் எரியவில்லை. பொறி இல்லை, அல்லது அளவுக்கு மீறிப் பெற்றோல் போயிருக்கிறது. காய்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் சோக் விடுபடாமல் ஓடுகிறது, அல்லது எயார் பில்ரர் அடைபட்டிருக்கிறது. ஒயில் பிசுக்காக இருந்தால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. மென்பழுப்பு நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவாகவும் காற்றுக் கூடவும் போகிறது.

பெற்றோல் மிஞ்சிப் போயிருந்தால் ரப்பை மூடி, சோக்கை எடுத்து, முறுக்கியை முழுக்கத் திறந்துபடி எட்டுப் பத்துத் தடவை உதையுங்கள். உள்ளே உள்ள மிச்சம் வெளியேறும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டி மீண்டும் முயற்சி செய்யுங்கள்.

மூன்றாவது சோதனை: பொறி

இந்தச் சோதனையில் தீ விபத்து நடக்கலாம், ஆகவே ஒழுங்காகக் கேளுங்கள். முதலில் ரப்பை மூடுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்து, நன்றாக உலரும் வரை பொறுங்கள். பிளக் கழற்றிய துவாரத்தைச் சீலையால் மூடுங்கள். இப்போது பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக்கின் இரும்புப் பகுதி எஞ்சின் உலோகத்தில் முட்டும்படி, துவாரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். சாவியைப் போட்டு வேறொருவர் கிக்கரை உதைக்கட்டும். கையால் பிளக்கைப் பிடிக்க வேண்டாம்.

நீல நிறத்தில், 'டிக்' என்ற சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மெல்லிய சிவப்பு அல்லது மஞ்சள் பொறி பலவீனமானது. அது வெளியில் தெரிந்தாலும் எஞ்சினுக்குள் அமுக்கத்தின் நடுவே அணைந்துவிடும். பொறி வராவிட்டால் வேறொரு நல்ல பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் தொப்பி, வயர், சாவி இணைப்பு, பழைய மாதிரி வண்டிகளில் பொயின்ற் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பொயின்ற் முனை கறுத்திருந்தால் மெல்லிய மட்டத்தாளால் ஒரு தடவை உரசித் துடைத்தாலே பல வண்டிகள் உயிர்பெறும். சிறிய ஹொண்டாக்களில் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை. பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 வரை. தேய்ந்த பிளக்கில் இந்த இடைவெளி கூடிவிடும். அதனால்தான் சூட்டில் பிடிக்கும் வண்டி குளிரில் பிடிப்பதில்லை.

நான்காவது சோதனை: அமுக்கம்

கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். வெண்ணெய்க்குள் போவதுபோல இலகுவாகப் போனால் அமுக்கம் இல்லை. பிளக் துவாரத்தின் வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுப் பிளக்கைப் பூட்டி மறுபடி அழுத்திப் பாருங்கள். இப்போது எதிர்ப்பு வந்தால் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. வராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு இடைவெளி இறுகிப்போனாலும் இப்படி நடக்கும். சிறிய ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றில் அந்த இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றர். அதைச் சரிசெய்வது சிறிய வேலை. எஞ்சினைப் பிரிப்பது பெரிய வேலை. முதலில் சிறிய வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.

வண்டியின் குணத்தைக் கொண்டு பழுதை அறிதல்

சோக் போட்டால் பிடிக்கிறது, சோக்கை எடுத்தவுடன் நிற்கிறது, முறுக்கினால் மட்டும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சிறிய ஜெட் அடைபட்டிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பெற்றோல் கொடுப்பது அந்த ஜெட்தான். நின்ற வண்டிகளில் முதலில் அடைபடுவதும் அதுதான்.

சோக் போட்டும் பிடிக்காமல், காபரேற்றரின் வாயைக் கையால் மூடினால் பிடிக்கிறது என்றால் சோக் தகடு முழுக்க மூடவில்லை. கேபிளும் நெம்புகோலும் கடைசிவரை வருகின்றனவா என்று பாருங்கள்.

முறுக்கியை முழுக்கத் திறந்தால்தான் பிடிக்கிறது, நின்ற இடத்தில் பெற்றோல் சொட்டுகிறது என்றால் கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையின் ஊசி வால்வு கசிகிறது. அப்படியான வண்டியில் எஞ்சின் ஒயிலின் மட்டம் கூடி, பெற்றோல் மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒயிலை மாற்றாமல் ஸ்ரார்ட் செய்யாதீர்கள்.

சூடான பிறகும் சோக் தேவைப்படுகிறது என்றால் காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர் வெடித்துக் காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

இரண்டு மூன்று நாள் நின்றால் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் அது பெரிய பழுதல்ல. கிண்ணத்திலிருந்த பெற்றோல் ஆவியாகிப் போயிருக்கும். ரப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பொறுத்த பிறகு உதையுங்கள்.

ஜெட்டைத் துப்புரவாக்குதல்

ஜெட் பித்தளையால் ஆனது, மிக மென்மையானது. அதற்குள் இரும்புக் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். துவாரம் பெருத்துவிட்டால் அந்த ஜெட் பிறகு உதவாது. நல்ல பெற்றோலில் ஊற வைத்து, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான துவாரம் தெரிய வேண்டும். காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன் அதை மெதுவாக உள்ளே இறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். பூட்டும்போது அதே எண்ணிக்கைக்குத் திருப்புங்கள். கழற்றும் பாகங்களை வெள்ளைச் சீலை ஒன்றில் வரிசையாக வைத்தால் ஒன்றும் தொலையாது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

வாடகைக்கு ஓடும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கும் மேலே சொன்ன ஒழுங்குதான். மொறிஸ் மைனர் 1000 காரில் சோக் பொத்தானை இழுக்கும்போது காபரேற்றரின் அடியில் ஜெட் கீழே இறங்க வேண்டும். பொத்தானை விட்டதும் அது மேலே திரும்ப வேண்டும். பிசின் படிந்து ஜெட் இறுகினால் இரண்டும் நடக்காது. ஒருவர் பொத்தானை இழுக்க மற்றவர் கீழே பார்க்கட்டும்.

ஸ்ரார்ட்டர் சுற்றும்போது விளக்கு மங்கினால் பற்றரியையும் அதன் இணைப்புகளையும் பாருங்கள். முன்பக்கக் கைபிடியால் சுற்றினால் பிடிக்கிறது, ஸ்ரார்ட்டரால் பிடிக்கவில்லை என்றால் காபரேற்றரைத் தொட வேண்டாம். பழுது பற்றரிப் பக்கத்தில்தான். கைபிடியைச் சுற்றும்போது பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, மேல்நோக்கி இழுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியாமல் தப்பும். மழைக்காலத்தில் டிஸ்ரிபியூற்றர் மூடியின் உட்புறத்தைக் காய்ந்த சீலையால் துடைப்பது நல்ல பழக்கம். அதில் படியும் ஈரமே பொறியைத் திருடிவிடும்.

செய்யக் கூடாதவை

காபரேற்றர் வாயில் பெற்றோலை ஊற்றிவிட்டு உதைக்காதீர்கள். எஞ்சின் திருப்பி இருமினால் தீச்சுவாலை முகத்துக்கு வரும்.

குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்காதீர்கள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. சோடாப் போத்தலில் அவற்றை வைக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

தறப்பாள் கொட்டிலுக்குள்ளோ, கிடுகுக் கொட்டிலுக்குப் பக்கத்திலோ இந்த வேலைகளைச் செய்யாதீர்கள். குப்பி விளக்கு, அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு வாளி மண் அருகில் இருக்கட்டும். மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விடாதீர்கள்; அதன் புகையில் மணமில்லாத நஞ்சு வாயு இருக்கிறது. மழை பெய்தாலும் வண்டியை வெளியே எடுத்துத்தான் ஸ்ரார்ட் செய்ய வேண்டும்.

கராஜுக்குப் போகும்போது

இத்தனையும் பார்த்த பிறகும் சரிவராவிட்டால் கராஜுக்குப் போங்கள். வெறுங்கையோடு 'ஸ்ரார்ட் இல்லை, பாருங்கோ தம்பி' என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உதாரணமாக: 'பெற்றோல் புதியது. கிண்ணத்துக்கு நன்றாக வருகிறது. பிளக் காய்ந்திருந்தது. பொறி நீலம். அமுக்கம் இருக்கிறது.' இந்த ஐந்து வரியைக் கேட்ட எந்த மெக்கானிக்கும் நேரே சிறிய ஜெட்டுக்கும் சோக்குக்கும்தான் போவார். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமையும் காரணமும் இருக்கும். வேலை தொடங்குமுன் செலவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, மறுநாள் காலை உங்கள் கண்முன்னே ஸ்ரார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். சூடான எஞ்சினை ஸ்ரார்ட் செய்து காட்டுவது இந்தப் பழுதுக்குச் சாட்சி ஆகாது.

வண்டியின் பதிவுப் புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வைத்திருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உரிமையாளர் தெரியாத வண்டியிலிருந்து ஒரு பாகத்தையும் கழற்றாதீர்கள். அதைத் தேடிக்கொண்டு இன்னொரு குடும்பமும் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு பழக்கம். இரவில் வண்டியை நிறுத்தும்போது பெற்றோல் ரப்பை மூடுங்கள். ஈரம் படாதபடி மூடி வையுங்கள். ஒரு கிழமைக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். ஒரு நல்ல பிளக்கையும் பிளக் ஸ்பனரையும் சீலையில் சுற்றிச் சீற்றுக்குக் கீழே வையுங்கள். வீட்டில் ஓட்டுபவர் மட்டுமல்லாமல் இன்னுமொருவரும் இந்தச் சோதனைகளைப் பழகிக்கொள்ளட்டும். அவசரம் வரும்போது ஓட்டுபவர் வீட்டில் இருப்பார் என்பது நிச்சயமில்லை.

இப்போது வெளியே நிற்கும் வண்டிகளுக்குப் போவோம். பிளக் கழற்றுவதை ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்க வேண்டும். சகோதரிமார் முதலில் வாருங்கள்.